அச்சேறாமல் வளர்ந்த கவிஞர்

பங்கின் இளையோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் மட்டும் தயங்கி நிற்பதுண்டு. அதில் கவிதைகள் இருக்கும். "எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினா போடுவாங்க, சாமி?" என்பது அவருடைய முதற்கேள்வி. எழுத்தைச் செம்மைப்படுத்துவது எப்படி என்னும் கேள்வி அதற்குப் பின்னரே வரும்; சில வேளைகளில் வராமலும் போகும்.

முதற்கேள்வியை நாம் பழிக்கவில்லை. விளக்கேற்றியவர் யாரும் அதை மரக்காலால் மூடி வைக்க விரும்புவதில்லை. எழுதியதை நான்கு பேர் படிக்கவேண்டும் என்னும் ஆசை நேர்மையான ஆசைதான். ஆயினும், அச்சில் வருவதும் கவிஞராக வளர்வதும் ஒன்றுதானா? ஒன்றில்லாமல் மற்றொன்று நிகழக்கூடுமா? நிகழுமானால் அந்த வளர்ச்சிக்கு எது துணை நிற்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போதெல்லாம் நம் மனம் ஒரு குருவின் வாழ்வுக்கே திரும்புகிறது. அவர் இயேசு சபைக் குரு ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ். இன்று ஆங்கில இலக்கியம் பயில்வோர் எவரும் அவரைத் தவிர்க்க இயலாது. ஆனால் 1889-இல் அவர் இறந்தபோது, அவர் ஒரு கவிஞர் என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

எரிந்த ஏடுகள்

ஹாப்கின்ஸ் 1844 ஜூலை 28 அன்று இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த ஸ்ட்ராட்ஃபோர்டில், ஆங்கிலிக்கன் குடும்பமொன்றில், ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தையார் கப்பல் காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர். தாமும் கவிதை எழுதி வெளியிட்டவர். மகனுக்கு எல்லாம் நல்ல தொடக்கமாகவே அமைந்தது. 1860-இல் ஹைகேட் பள்ளியில் கவிதைப் பரிசு பெற்றார். 1863-இல், பதினெட்டு வயதில், ஒரு வார இதழில் அவருடைய கவிதை அச்சேறியது. அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். புகழ்பெற்ற கவிஞராக வருவார் என்று அப்போது யாரேனும் கணித்திருந்தால் அது பிழையான கணிப்பாகத் தோன்றியிராது.

மாணவப் பருவத்திலேயே அவரது உள்ளம் கத்தோலிக்க விசுவாசத்தின்பால் ஈர்க்கப்பட்டது. 1866 அக்டோபர் 21 அன்று, பின்னாளில் கர்தினாலாகவும் 2019-இல் புனிதராகவும் உயர்த்தப்பட்ட ஜான் ஹென்றி நியூமன் அவரைத் திருச்சபையில் ஏற்றுக்கொண்டார். பெற்றோர் மிகவும் மனம் நொந்தனர். அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் பட்டம் பெற்ற ஹாப்கின்ஸ், 1868 மே மாதத்தில் துறவறம் மேற்கொள்ள முடிவு செய்து, அதுவரை எழுதிய கவிதைகளைத் தீயிலிட்டார். நண்பர்களிடம் படிகள் இருந்தமையால் சில தப்பின. அவ்வாண்டு செப்டம்பரில் இலண்டனை அடுத்த ரோஹாம்டனில் இயேசு சபையின் நவதுறவகத்தில் நுழைந்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கவிதையை விட்டுவிடும்படி எந்த மேலாளரும் அவருக்கு ஆணையிடவில்லை. சபையின் ஒழுங்குகளும் அவ்வாறு கேட்கவில்லை. மேலாளரின் விருப்பம் வெளிப்பட்டாலன்றி இனி எழுதுவதில்லை என்பது அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட நோன்பு. மேலாளர்கள் தடுக்கவில்லை, எழுதுமாறு கேட்கவும் இல்லை. இப்படியே ஏழு ஆண்டுகள் கடந்தன. அந்நாட்களில் விழாக்களுக்காகக் கேட்டவர்க்கு எழுதிக்கொடுத்த ஓரிரு சிறு பாடல்கள் தவிர அவர் வேறு எதுவும் இயற்றவில்லை.

பார்க்கக் கற்ற காலம்

ஆனால் அந்த ஏழு ஆண்டுகளும் வெறுமையாகக் கழிந்துவிடவில்லை. அவர் நாட்குறிப்பு எழுதினார். அதில் தம்மைப் பற்றிய புலம்பல் குறைவு. கண்ணால் கண்டவை மிகுதி. ஓக் மர இலைகள் கிளையில் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன, அலை கரையில் உடையும்போது எப்படி மடிகிறது, மாலை மேகங்கள் எவ்வாறு வரிசையாகின்றன, பனி உறைகையில் மண்ணில் என்ன கோலம் இடுகிறது என்று ஓவியர் கண்கொண்டு நோக்கிச் சொல்லால் வரைந்தார். 1873-இல் தோட்டத்தில் நின்ற ஒரு மரம் வெட்டப்பட்ட ஓசை கேட்டு அவர் பட்ட வேதனையும் அதில் பதிவாகியுள்ளது.

ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய உள்வடிவம் ஒன்று உண்டு என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1872-இல், பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த மத்தியகால இறையியலார் டன்ஸ் ஸ்கோட்டஸின் நூலைப் படித்தபோது இவ்வெண்ணத்துக்கு மெய்யியல் அடித்தளம் கிடைத்தது. ஒரு பொருளை வேறெதுவும் ஆகாமல் அதுவாகவே இருக்கச் செய்யும் தனித்தன்மையைப் பற்றி ஸ்கோட்டஸ் பேசுகிறார். குருமடங்களில் நாம் அதைத் தேர்வுக்காகப் படித்து மறந்தோம். ஹாப்கின்ஸ் அதைக் கொண்டு ஒரு பறவையையும், ஒரு புல்லையும், ஒரு மனிதரையும் பார்க்கக் கற்றார்.

1873 முதல் ஓராண்டு ரோஹாம்டனில் இளந்துறவியர்க்குச் சொல்லணியும் யாப்பும் கற்பித்தார். 1874-இல் இறையியல் பயில வட வேல்ஸிலுள்ள புனித பைனோ கல்லூரிக்குச் சென்றவர், அங்கு வேல்ஸ் மொழியையும் கற்றார். அம்மொழியின் மரபுக் கவிதையில் ஓரடியின் மெய்யெழுத்துக்கள் ஒன்றையொன்று எதிரொலிக்கும்படி அமைப்பது கடுமையான விதி. மோனையும் எதுகையும் அறிந்த நமக்கு அந்த இன்பத்தை விளக்கவேண்டியதில்லை. எழுதாத ஆண்டுகளில் அவர் சேர்த்த செல்வம் இது.

அதிபர் சொன்ன ஒரு சொல்

1875 டிசம்பரில், ஜெர்மனியின் பிரேமனிலிருந்து நியூயார்க் நோக்கிச் சென்ற 'டாய்ச்லாந்து' என்னும் கப்பல், பனிப்புயலில் சிக்கித் தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் தரைதட்டியது. ஒரு நாளுக்கு மேல் உதவி வரவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பிரான்சிஸ்கன் கன்னியர் ஐவரும் இருந்தனர். பிரஷ்ய அரசு கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராக இயற்றிய பால்க் சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் அவர்கள்.

செய்தித்தாளில் இதைப் படித்து ஹாப்கின்ஸ் கலங்கினார். அதை அதிபரிடம் சொன்னபோது, இந்நிகழ்வைப் பற்றி யாரேனும் ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்னும் பொருள்பட அதிபர் சொன்னார். அது ஆணையன்று, பேச்சோடு பேச்சாக வந்த சொல். ஏழாண்டு நோன்பு முடிவதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. எட்டடி கொண்ட முப்பத்தைந்து பத்திகளில், அந்தக் கப்பலின் சிதைவைப் பற்றிய நெடுங்கவிதை பிறந்தது.

அக்கவிதை ஆங்கிலக் காது பழகியிராத ஒரு சந்தத்தில் அமைந்தது. ஆங்கில யாப்பில் அழுத்தம் பெறும் அசையும் பெறாத அசையும் கணக்கிட்ட ஒழுங்கில் மாறிமாறி வரவேண்டும். ஹாப்கின்ஸோ அழுத்தங்களை மட்டுமே எண்ணினார். இடையில் அழுத்தமற்ற அசைகள் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், பலவும் வரலாம் என்றார். நம் பாட்டிமார் பாடும் தாலாட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஓரடியில் சொற்கள் கூடும், மற்றோரடியில் குறையும், ஆனால் தொட்டிலை ஆட்டும் கையின் தாளம் தவறாது. இதைத் தாமே கண்டுபிடித்ததாக ஹாப்கின்ஸ் பெருமை பேசவில்லை. குழந்தைப் பாடல்களிலும் பழைய ஆங்கிலக் கவிதையிலும் அது முன்னமே உண்டு என்றே எடுத்துக்காட்டினார். கற்றவர் மறந்ததை அவர் மக்கள் வழக்கிலிருந்து மீட்டார் என்று சொல்லலாம்.

திரும்பி வந்த கவிதை

கவிதையை இயேசு சபையாரின் 'தி மன்த்' திங்களிதழுக்கு அனுப்பினார். ஆசிரியராயிருந்த அருட்தந்தை ஹென்றி கோல்ரிட்ஜ் அவருடைய சபைச் சகோதரர், அவருக்குப் பழக்கமானவரும்கூட. முதலில் ஏற்றுக்கொள்வதுபோல் இருந்தது. பின்னர், அடிகளின் மேலிட்ட அழுத்தக் குறிகளை நீக்கினால் ஆகும் என்றார்கள். இறுதியில் வெளியிடவே இல்லை. 1878-இல் 'யூரிடிசி' என்னும் போர்க்கப்பல் மூழ்கி முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பற்றி ஹாப்கின்ஸ் எழுதியபோது, அந்தக் கவிதைக்கும் அவ்விதழில் இடம் கிடைக்கவில்லை.

கோல்ரிட்ஜ் அடிகளாரைக் குறைகூறுவது இன்று எளிது. அவரிடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? வாசகர் புரியவில்லை என்பார்கள், பக்கமோ குறைவு, அடுத்த இதழ் அச்சுக்குப் போகவேண்டும். ஒரு பெருங்கவிஞரின் முதற்பேரொலி மேசைமேல் கிடந்தபோது, அலுவல் மிகுந்த ஒரு நல்ல குருவின் செவிக்கு அது கேட்கவில்லை. நடந்தது இவ்வளவே.

இருவர் படித்தனர்

இதழ்கள் கைவிட்ட கவிதைகளை நண்பர்கள் ஏந்திக்கொண்டனர். ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு நண்பரான ராபர்ட் பிரிட்ஜஸ். மருத்துவராயிருந்து பின்னர் கவிதைக்கே தம்மை ஒப்படைத்தவர், கத்தோலிக்கர் அல்லர். மற்றவர் ரிச்சர்டு வாட்சன் டிக்சன் என்னும் ஆங்கிலிக்கன் குரு. டிக்சனும் கவிஞரே; ஆனால் மறக்கப்பட்ட கவிஞர். 1878-இல் அவருக்கு முதலில் கடிதம் எழுதியவர் ஹாப்கின்ஸ்தான். தம் கவிதையைப் பற்றி அவர் எழுதவில்லை. டிக்சனின் கவிதைகளைத் தாம் எவ்வளவு நேசித்தார் என்பதைச் சொல்லவே எழுதினார். உலகம் மறந்தாலும், ஒரு படைப்பின் மதிப்பைப் பிழையின்றி அறிகிற நடுவர் கிறிஸ்துவே என்று அக்கடிதங்களில் ஆறுதல் கூறினார். அச்சேறாத ஒருவர், அச்சேறியும் மறக்கப்பட்ட இன்னொருவருக்குச் சொன்ன ஆறுதல் அது.

பிரிட்ஜஸ் இனிப்பாகப் பேசும் வாசகர் அல்லர். கப்பற்சிதைவுக் கவிதையை மறுமுறை படிக்கமாட்டேன் என்று நண்பரிடமே சொன்னவர் அவர். ஹாப்கின்ஸ் அதனால் நட்பை முறித்துக்கொள்ளவில்லை; ஏன் அப்படி எழுதினேன் என்று பொறுமையாக விளக்கினார். சில இடங்களில் திருத்தினார். பல இடங்களில் அசையவில்லை. இத்தகைய கடித வாதங்களில்தான் தம் கலையைத் தாமே தெளிவாக உணர்ந்தார். பிரிட்ஜஸோ தமக்கு முழுவதும் பிடிக்காத கவிதைகளையும்கூட ஒரு தொகுப்பேட்டில் சேர்த்து வைத்தார். படியெடுத்து, திருத்தத்துக்காக ஹாப்கின்ஸுக்கே அனுப்பினார். பிடித்ததை மட்டும் காப்பவர் பலர். பிடிக்காததையும் நண்பரின் உழைப்பு என்று மதித்துக் காத்தவர் அவர்.

அச்சேற வழி பிறந்தபோதும் ஹாப்கின்ஸ் தயங்கினார். 1879-இல் ஒரு கவிதையின் பகுதியை உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு அனுப்ப டிக்சன் முன்வந்தார். மேலாளரின் அனுமதியின்றி அது கூடாது என்று ஹாப்கின்ஸ் பதறித் தடுத்தார்.

பங்குகளில் பட்ட பாடு

1877 செப்டம்பர் 23 அன்று ஹாப்கின்ஸ் குருவானார். அதே ஆண்டு வேல்ஸில் அவர் எழுதிய சானட்டுகளே இன்று மிகுதியாகப் படிக்கப்படுபவை. குருவான பின் அடிக்கடி இடமாற்றம் நேர்ந்தது. செஸ்டர்ஃபீல்டு, இலண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, பெட்ஃபோர்டு லீ, லிவர்பூல், கிளாஸ்கோ என ஊர்கள் மாறின. அவர் சிறந்த மறையுரையாளர் என்று பெயரெடுக்கவில்லை. மாணவராயிருந்தபோது ஆற்றிய ஒரு பயிற்சி மறையுரையில் உடனிருந்தோர் சிரிக்க, பேச்சின் இழையே அறுந்துபோயிற்று. லிவர்பூலின் நெரிசலும் வறுமையும் அவரை வாட்டின; எழுத நேரமில்லை, மனமும் ஓடவில்லை.

ஆனால் அங்கேதான், 1880 ஏப்ரலில், குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழிலாளி ஒருவர் நோயில் இறந்தார். வலிய உடலும் முரட்டுக் குணமும் கொண்டிருந்த அவர் நோயில் தளர்ந்ததையும், சாதுவானதையும், திருவருட்சாதனங்கள் பெற்றதையும் அருகிருந்து பார்த்த குரு எழுதிய கவிதை நிலைத்துவிட்டது. நோயாளரைச் சந்திக்கும் பணி நமக்கு நாள்தோறும் உள்ளதே. நோயாளர் நம்மிடம் ஆறுதல் பெறுவது போலவே நாமும் அவர்களால் அன்பில் வளர்கிறோம் என்பதை, எண்ணெய்ச் சிமிழை மூடிவிட்டுத் திரும்பும் வழியில் எத்தனை குருக்கள் உணர்ந்திருப்பர்! ஹாப்கின்ஸ் அதைப் பார்த்தார், பார்த்ததை எழுதினார். பணி அவருடைய நேரத்தைப் பறித்தது உண்மை. அந்தப் பணி இல்லையேல் இந்தக் கவிதையும் இல்லை என்பதும் உண்மை.

டப்ளினின் இருள்

1884-இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்கப் பேராசிரியரானார். அயர்லாந்து அவருக்கு அந்நியமாயிருந்தது. குடும்பமும் நண்பர்களும் கடலுக்கு அப்பால். தேர்வுக்காலத்தில் விடைத்தாள்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். ஒருமுறை ஐந்நூறுக்கு மேல் கையில் இருந்தன. ஒரு மதிப்பெண்ணில்கூட மாணவருக்கு அநீதி நேரக்கூடாது என்று வருத்திக்கொள்ளும் மனச்சான்று வேறு. உடலும் உள்ளமும் தளர்ந்தன.

1885-ஐ ஒட்டிய காலத்தில் அவர் எழுதிய சில சானட்டுகள், செபிக்கிற ஒருவர் இருளில் கதறும் கதறலாக உள்ளன. அவற்றை அவர் பிரிட்ஜஸுக்கும் அனுப்பவில்லை. இறந்த பின்னரே தாள்களிடையே கிடைத்தன. பக்தி இலக்கியம் எப்போதும் மகிழ்ந்தே பாடவேண்டும் என்று நினைப்போர் இவற்றைப் படித்தால் அதிர்வர். யோபுவையும் எரேமியாவையும் திருப்பாடல்களின் புலம்பல்களையும் அறிந்தோர் அதிரமாட்டார்கள். துன்பத்தில் இறைவனோடு வழக்காடுவதும் செபமே. அந்தக் கதறலிலும் பதினான்கு அடிகளின் கட்டுக்கோப்பு சிதறவில்லை என்பதைக் கவிதை எழுதும் இளையோர் கவனிக்கவேண்டும். இருபது ஆண்டு உழைப்பில் கைவந்த கலை, உள்ளம் நொறுங்கிய நாளில் அவரைத் தாங்கியது.

1889 ஜூன் 8 அன்று டைபாய்டு காய்ச்சலில், 44-ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார். டப்ளினின் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் சபையாரோடு அடக்கம் செய்யப்பட்டார்.

இருபத்தொன்பது ஆண்டுகள்

பிரிட்ஜஸ் உடனே நூல் வெளியிடவில்லை. உலகம் நகைத்து ஒதுக்கிவிடும் என்று அஞ்சினார். சில கவிதைகளை மட்டும் தொகைநூல்களில் அவ்வப்போது இடம்பெறச் செய்தார். 1913-இல் தாம் அரசவைக் கவிஞரான பின், 1918-இல் நண்பரின் கவிதைகளை முழு நூலாகப் பதிப்பித்தார். ஹாப்கின்ஸின் தாயார் அப்போது 97 வயதில் உயிரோடிருந்தார். மகனின் மனமாற்றத்துக்காக ஒருநாள் கண்ணீர் விட்டவர், மகனின் நூலைக் கையில் ஏந்தும் வரை வாழ்ந்தார். அச்சிட்ட 750 படிகள் விற்றுத்தீரப் பத்தாண்டுகளுக்கு மேலாயின. 1930-இல் இரண்டாம் பதிப்பு வந்த பின்னரே புதிய தலைமுறைக் கவிஞர்கள் அவரைத் தம் ஆசான்களுள் ஒருவராகக் கொண்டனர். கப்பல் சிதைந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி, 1975 டிசம்பர் 8 அன்று, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் கவிஞர் மூலையில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

இந்த வரலாற்றிலிருந்து, புறக்கணிப்பு நல்லது, அது கவிஞரை வளர்க்கும் என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. புறக்கணிப்பு ஹாப்கின்ஸுக்கு வலித்தது. இன்னும் பலர் படித்திருந்தால் அவர் இன்னும் எழுதியிருக்கக்கூடும். அவரை வளர்த்தவை வேறு: ஊன்றிப் பார்த்த பார்வை, யாப்பில் தளராத உழைப்பு, கடமை கொண்டுவந்து நிறுத்திய மனிதர்கள், கூசாமல் குறைசொல்லியும் தாளைத் தொலைக்காத ஒரு வாசகர். அச்சில்லாமல் கவிஞர் வளரலாம். வாசகர் ஒருவர்கூட இல்லாமல் வளர்வது மிகக் கடினம்.

இதை எழுதும்போது நாம் ஒன்றை மறைக்க இயலாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் திருவிழா மலருக்குப் பொறுப்பேற்றிருந்தோம். தச்சுவேலை செய்துவந்த இளைஞர் ஒருவர் ஒரு நோட்டு நிறையக் கவிதை கொடுத்தார். கொடிமரம் ஏற்றும் நாள் நெருங்கிய அவசரத்தில் மூன்று பக்கம் புரட்டினோம். "பொருள் விளங்கவில்லை, எளிமையாக எழுதவும்" என்று முதற்பக்கத்து ஓரத்தில் எழுதித் திருப்பிக்கொடுத்தோம். அவர் "சரி சாமி" என்று வாங்கிக்கொண்டார். பூசைக்கு வழக்கம்போல் வந்தார். பீடத்தின் கால் ஆடியபோது கூலி வாங்காமல் சரிசெய்தும் கொடுத்தார். ஆனால் அந்த நோட்டை மறுபடி நம்மிடம் காட்டவில்லை, நாமும் கேட்கவில்லை. அதில் பெருங்கவிதை இருந்ததா என்பதன்று நம் உறுத்தல். நான்காம் பக்கத்தை நாம் படிக்கவில்லை என்பதே.

ஆகவே, "எதற்கு அனுப்பலாம், சாமி?" என்று கேட்போர்க்கு இப்போது நாம் சொல்லும் விடை இது: அனுப்புங்கள், திரும்பி வந்தால் மறுபடி எழுதுங்கள். ஆனால் அதற்கு முன், உங்களிடம் பொய் சொல்லாத ஒருவரைத் தேடிக் கொடுங்கள். மற்றவர் எழுதியதை நீங்களும் அவ்வாறே படியுங்கள்; ஹாப்கின்ஸ் டிக்சனுக்கு எழுதியதுபோல், நல்ல வரி ஒன்றைக் கண்டால் எழுதியவருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

எழுதாத பெரியோர்க்கும் இதில் பங்குண்டு. நம் அன்பியங்களில், மறைக்கல்வி வகுப்புகளில், நம் சொந்த வீடுகளில் ஏதோ ஒரு நோட்டு தலையணைக்கடியில் இருக்கக்கூடும். அதை வெளியிடுவது நம்மால் ஆகாமல் போகலாம். உட்கார்ந்து முழுவதும் படிப்பது நம்மால் ஆகும். புரியாத இடத்தைப் புரியவில்லை என்று சொல்லி, "இதை ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்டு, விடையைக் கேட்டுக்கொண்டிருப்பதும் ஆகும்.

அந்தத் தச்சர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார் என்று அறிகிறோம். இந்தக் கட்டுரையை முடித்ததும் அவருக்கு ஒரு கடிதம் எழுதவிருக்கிறோம். நோட்டு இருந்தால் கொண்டுவரும்படி கேட்போம்.